சுவருக்கு மேலாகப் போன பந்துகள்

புதிதாக விசில் கழுத்தில் போட்டிருக்கும் நண்பர்களுக்கு,

பிரீ கிக் அடிக்கும் நுட்பத்தைப் பற்றி நான் எழுதவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஊன்றுகாலை எங்கே வைப்பது, பாதத்தின் எந்தப் பகுதி பந்தில் படவேண்டும், உடம்பு எவ்வளவு சாயவேண்டும் என்பதெல்லாம் உங்கள் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது. என்னைவிட நன்றாக, மெதுவாக ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒருவன் திடீரென்று குறி தவறத் தொடங்கினால் பயிற்சியாளர் முதலில் எதைப் பார்க்கவேண்டும் என்பதை அந்த வீடியோக்களில் நான் காணவில்லை. அதைப் பற்றி எழுதுகிறேன். என் முழங்கால் என்னை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய பருவத்தில் நடந்தது இது.

அப்போது ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்ட் வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் உதைபந்தாட்ட அணி என் பொறுப்பில் இருந்தது. பகலில் அதே நிறுவனத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை. மாலையில் கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு எடுத்த மைதானத்தில் பயிற்சி. முடிந்ததும் வெள்ளவத்தைக்குப் பஸ். அணியில் எல்லோரும் வேலை செய்கிறவர்கள்தான். பிரீ கிக் எடுக்கிற நிரோஷன் யார்ட்டில் போர்க்லிப்ட் ஓட்டினான். பெற்றோர் யாழ்ப்பாணம், இவன் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை. உயரமானவன், அதிகம் கதைக்கமாட்டான், காதுகள் இரண்டும் பெரியவை. அவனுடைய நெருங்கிய கூட்டாளி ரிஸ்வான், கணக்குப் பிரிவு. தெஹிவளைக்காரன். பின்வரிசையில் ஆடுவான். ஆடும்போதும் வாய் ஓயாது.

அந்த அணியில் நான் வருவதற்கு முன்பிருந்தே ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சியில் கோலைத் தவறவிடுகிறவன் போய், பந்தை மறிக்க ஆட்கள் தோளோடு தோள் சேரும் தடுப்புச் சுவரில் நிற்கவேண்டும். அடுத்தவன் தவறவிடும்வரை அவன் வரமுடியாது. அதற்குள் இன்னொரு விதி: சுவரில் நிற்கும்போது பந்துக்குப் பயந்து முகத்தைத் திருப்பினால் மேலதிகமாக ஒரு சுற்று நிற்கவேண்டும். பையன்களுக்கு இது பெரிய பம்பல், ஒரே சிரிப்பு. நானும் தடுக்கவில்லை. சுவரில் நிற்பவன் திரும்பாமல் நிற்கப் பழகுவது ஆட்டத்துக்கு நல்லதுதானே என்று நினைத்தேன்.

அன்று மழை பெய்து விட்டிருந்தது. பந்து கனத்திருந்தது. ரிஸ்வான் கோலைத் தவறவிட்டுவிட்டு மற்ற மூவரோடு சுவரில் நின்றான். அடிக்கவேண்டியவன் நிரோஷன்.

"அடி மச்சான், அடி! போன கிழமை ரோட்டுக்கு அடிச்ச மாதிரி அடி. இங்க ஒருத்தனுக்கும் பயமில்ல."

"வாயை மூடிக்கொண்டு நில்லு, ரிஸ்வான். பிறகு பல்லுப் போச்சுது எண்டு என்னட்ட வராத."

"பல்லு கம்பனி இன்சூரன்ஸ்ல வரும். நீ அடி!"

எல்லோரும் சிரித்தார்கள். நிரோஷன் அடித்தான். பந்து அவன் நினைத்த அளவு எழவில்லை. ரிஸ்வான் முகத்தைத் திருப்பவுமில்லை.

அவன் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகப் புல்லில் இருந்தான். நான் ஓடிப்போய்க் கையை எடுத்துப் பார்த்தேன். மேலே வானம் வெளித்துக்கொண்டிருந்தது.

"கோச்," என்றான். "திரும்ப மழை இருட்டா? இந்தப் பக்கம் ஒண்டும் தெரியுதில்ல."

முதலில் பக்கத்தில் ஓரிடத்தில் காட்டினோம். பிறகு வீட்டுக்குக் கிட்ட இருக்கட்டும் என்று அவனுடைய ஆட்கள் களுபோவிலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வார்ட்டில் படுத்தினார்கள். கண்ணைப் பார்த்த வைத்தியர் இளம் பெண், தமிழ்ப் பிள்ளை. கண்ணின் முன்பகுதியில் இரத்தம் தேங்கியிருக்கிறது, பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும் என்றார். ஆனால் வரும் சில நாட்களுக்குள் மறுபடி இரத்தம் கசிந்தாலோ, கண்ணுக்குள் அழுத்தம் ஏறினாலோ பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். தலையை உயர்த்தி வைத்து அசையாமல் கிடக்கவேண்டும். வாசிக்கக்கூடாது. கைத்தொலைபேசி பார்க்கக்கூடாது.

"சிரிக்கலாமா டொக்டர்?" என்று ரிஸ்வான் கேட்டான்.

"குலுங்காமச் சிரியுங்கோ."

அந்த வைத்தியரிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். கண்ணை மூடியிருந்த உறையை எடுத்தபோது அவர் "தெரியுதா?" என்று கேட்கவில்லை. "என்ன தெரியுது?" என்று கேட்டார். வெளியே வந்தபோது ஏன் என்று விசாரித்தேன்.

"தெரியுதா எண்டு கேட்டா முக்கால்வாசிப் பேர் ஓம் எண்டுதான் சொல்லுவினம். பயத்தில சொல்லுறது. என்ன தெரியுது எண்டு கேட்டா, தெரியிறதைத்தானே சொல்லவேணும்."

இதை நான் அப்போது ஒரு பக்கத்தில் போட்டுவைத்தேன்.

நிரோஷன் வைத்தியசாலைக்கு வரவில்லை. காலையில் யார்ட்டில் தேநீர் இடைவேளையின்போது என் மேசைக்கு வருவான். "எப்பிடி சேர்?" என்பான். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் போய் போர்க்லிப்டில் ஏறிவிடுவான்.

"ரிஸ்வான் உன்னைத்தான் கேட்டவன்," என்றேன் ஒருநாள்.

"அவன்ர உம்மா அங்க இருப்பா தானே, சேர். நான் என்னெண்டு அவவின்ர முகத்தைப் பாக்கிறது?"

அதே வாரக் கடைசியில் எங்களுக்கு அரையிறுதி ஆட்டம். நிரோஷனின் பிரீ கிக்குகளால்தான் அதுவரை வந்திருந்தோம். ஆனால் விபத்துக்குப் பிறகு பயிற்சியில் அவன் அடித்த ஒரு பந்தும் கோலுக்குள் போகவில்லை. எல்லாம் கம்பத்துக்கு மேலால் போயின. அணித் தலைவன் சுரங்க, சிங்களவன், வயதில் மூத்தவன். பையன்கள் எல்லோருக்கும் அவன் அய்யே, அதாவது அண்ணன். அவன் என்னிடம் வந்தான்.

"சேர், மல்லிக்கு இப்ப ஹரியன்னே நெ. தம்பிக்குச் சரிவருகுதில்ல, பாவம். இந்த மெச்சுக்கு நான் எடுக்கிறன்."

"எடுத்துக் காட்டு பாப்பம்."

சுரங்க எடுத்தான். பந்து மைதானத்தைத் தாண்டி வீதிக்குப் போய், பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த பாண் விற்கும் ஓட்டோவின் கூரையில் விழுந்தது. பாட்டு நின்றது. ஓட்டோக்காரர் இறங்கிவந்து சிங்களத்தில் எங்கள் எல்லோருடைய பரம்பரையையும் விசாரித்தார். சுரங்க அவரிடம் மீன் அடைத்த மாலுபாண் வாங்கிச் சமாதானம் செய்தான்.

உங்களில் ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் நினைத்தது இதுதான்: பையன் மனமுடைந்துபோனான், கால் சொல்லுக் கேட்கவில்லை, அவனை இந்த ஆட்டத்துக்கு ஓய்வில் விட்டுவிடலாம். அதை அவனிடம் சொல்லவும் தயாராகிவிட்டேன். பந்துகளைப் பொறுக்கக் கோலுக்குப் பின்னால் போனபோதுதான் மதிலைக் கண்டேன்.

மைதானத்தின் அந்தப் பக்கத்து மதிலுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். நிலம் சேறு, பந்திலும் சேறு. பட்ட இடமெல்லாம் வெள்ளையில் வட்டமாகப் பதிந்திருந்தது. மற்றவர்கள் அடித்தவை மதில் நீளத்துக்கும் சிதறிக் கிடந்தன. ஒரு இடத்தில் மட்டும், கோலின் இடது மூலைக்கு நேர் மேலே, வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஒரே கறுப்புத் திட்டாக இருந்தது. ஒரு மழைக்கோட்டை விரித்துத் தொங்கவிட்டால் மறைந்துவிடும், அவ்வளவுதான்.

நிரோஷனைக் கூப்பிட்டு மறுபடி அடிக்கச் சொன்னேன். மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டின்மேல். இன்னொன்று. மறுபடி திட்டின்மேல்.

சுவரில் நின்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் நிரப்பும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்தேன். ஆள் உயரம் இல்லைதான், ஆனால் பந்துக்கு வழி அதேதான். நிரோஷன் அடித்தான். பந்து பீப்பாய்களுக்கு மேலால் வளைந்து மூலைக்குள் இறங்கியது. கோல் காப்பாளர் அசையக்கூட இல்லை. பீப்பாய்களை எடுத்துவிட்டு மறுபடி ஆட்களை நிறுத்தினேன். பந்து மதிலுக்கு, அதே திட்டுக்குப் போனது.

குறி தவறுகிறவனின் பந்து நாலாபக்கமும் போகும். ஒரே இடத்துக்குப் போகிற பந்து குறி தவறிய பந்து அல்ல. அவன் வேறெதையோ குறிபார்க்கிறான், அதைச் சரியாகவே அடிக்கிறான். இதை நீங்கள் மறக்கவேண்டாம். கோல் விழுந்ததா இல்லையா என்பதை யாரும் பார்ப்பார்கள். பந்து எங்கே போனது என்று பார்க்கத்தான் பயிற்சியாளருக்குச் சம்பளம்.

அவனைத் தனியே கூப்பிட்டேன். ஏன் தவறுகிறது என்று கேட்க வாய் எடுத்தேன். அந்த வைத்தியரின் நினைவு வந்தது. கேள்வியை மாற்றினேன்.

"ஓடி வரேக்க உனக்கு என்ன தெரியுது?"

அவன் சப்பாத்திலிருந்த சேற்றைப் புல்லில் தேய்த்தான்.

"தலையள், சேர்."

"மூலை?"

"மூலை தெரியேல்ல. தலையள்தான் தெரியுது. தலை ஒண்டும் இல்லாத இடத்துக்கு அடிக்கிறன்."

அதற்கு ஊன்றுகாலைத் திருத்தி என்ன பிரயோசனம்? பீப்பாய்களை வைத்தே பயிற்சி கொடுக்கலாம். ஆனால் ஆட்டத்தில் எதிரணி பீப்பாய்களை நிறுத்தாது. "பயப்படாதே" என்று சொல்லலாம். அது வெறும் சத்தம். கண் எப்படியிருக்கிறது என்று அவன் தன் கண்ணால் பார்க்காதவரை, சுவரில் நிற்கும் ஒவ்வொரு தலையும் அவனுக்கு ரிஸ்வானின் தலைதான் என்று எனக்குப் பட்டது. மறுநாள் வேலை முடிந்ததும் என்னோடு களுபோவிலைக்கு வரவேண்டும் என்றேன். அவன் தலையாட்டினான்.

மறுநாள் பின்னேரம் நான் புறப்படத் தயாரானபோது ரிஸ்வானின் அக்கா, அவன் ராத்தா என்று கூப்பிடுகிறவர், தொலைபேசியில் அழைத்தார்.

"கோச், விடிய இருந்து கண் நோகுது எண்டு செல்றான். திரும்ப ரத்தம் கசிஞ்சோ தெரியா. டொக்டர் வந்து பாக்கப் போறாவாம். உம்மா அழுதுகொண்டு ஈக்கிறா."

கண்ணாடிக்கு அப்பால் யார்ட் வாசலில் நிரோஷன் நின்றான். குளித்து, கழுவிய சேர்ட் போட்டு, கையில் ஒரு பையில் முந்திரிகைப்பழக் குலை.

நண்பர்களே, என் வேலைக் காலத்தில் எத்தனையோ ஆட்டக்காரரை மாற்றியிருக்கிறேன், பெனால்டிக்கு ஆள் தெரிவுசெய்திருக்கிறேன். அவற்றில் எதுவும் இதைப்போல் என்னை அலைக்கழிக்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்று ஒரு பொய்யைச் சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் நான் மட்டும் போய் நல்ல செய்தியோடு திரும்பினால் அவன் நம்புவானா? ஆட்டத்துக்காகச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பான். கெட்ட செய்தியோடு திரும்பினால் அவன் அதைத் தனியே சுமக்கவேண்டும். கூட்டிக்கொண்டு போய், அங்கே கண் போய்விட்டது என்று தெரியவந்தால், உதைபந்தாட்டத்தோடு அவன் உறவு அன்றோடு சரி. அது மட்டுமா என்பதும் எனக்குத் தெரியாது.

வாசலுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன்.

"இண்டைக்குக் கண் நோகுதாம். திரும்ப ரத்தம் வந்திருக்கலாம் எண்டு சந்தேகப்படினம். நல்ல செய்தி இல்லாமலும் போகலாம். வாறியா?"

அவன் வாசலில் நின்ற ஓட்டோவில் ஏறி உள்ளே தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டான்.

வீதி முழுக்கக் கொள்கலன் லொறிகள். ஓட்டோ ஊர்ந்தது. வழி நீள நிரோஷன் மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். வைத்தியசாலை வாசலில் இறங்கியதும் நின்றுவிட்டான்.

"சேர், நீங்க போட்டு வாங்கோ. நான் இதில நிக்கிறன்."

"உம்மா ஏசினா ஏசட்டும். நான் பக்கத்தில நிக்கிறன். வா."

உம்மா ஏசவில்லை. அழுது வீங்கிய கண்ணோடு எழுந்து வந்து, அவன் கையிலிருந்த பையை வாங்கிப் பார்த்தார்.

"என்ன மகன் இது, பழத்த நசிச்சி ஜூஸே ஆக்கிட்டீங்களே!"

நிரோஷன் பையை எட்டிப் பார்த்தான். "ஓம் உம்மா," என்றான்.

அந்த நேரத்தில் வைத்தியர் வந்தார். எங்களைக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் விலகி நிற்கச் சொன்னார். ரிஸ்வான் இரண்டு தலையணை உயரத்தில் சாய்ந்து, நல்ல கண்ணையும் மூடிக் கிடந்தான். நாங்கள் வந்ததை அவன் அறியவில்லை. வைத்தியர் சின்ன வெளிச்சத்தைப் பிடித்து வலது கண்ணை வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகு அவனுடைய இடது கண்ணைத் தன் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார்.

"வலது கண்ணைத் திறவுங்கோ. என்ன தெரியுது?"

ரிஸ்வான் இமையை மெல்லத் திறந்தான். பக்கத்தில் நிரோஷன் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தான்.

"வெள்ளையா ஒண்டு. அது நீங்க, டொக்டர்."

"அங்கால?"

"கட்டில் கம்பி."

"அதுக்கும் அங்கால?"

"ஒரு ஆள் நிக்கிறான். நெடுப்பமா. மூஞ்சி புகை மாதிரி ஈக்கு." கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "காது ரெண்டும் நல்லாத் தெரியுது. இந்தச் சைஸ் காது முழு ஒருகொடவத்தைக்கும் ஒருத்தனுக்குத்தான் ஈக்கு."

பக்கத்துக் கட்டில்காரர் முதலில் சிரித்தார். பிறகு வைத்தியர். உம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நிரோஷன் கம்பியில் நெற்றியை வைத்து விம்மினான்.

மறுபடி இரத்தம் கசியவில்லை. அழுத்தம் கொஞ்சம் ஏறியதால்தான் வலி, சொட்டு மருந்தில் இறங்கிவிடும் என்றார் வைத்தியர். தேங்கியது வடியத் தொடங்கிவிட்டது, பார்வை திரும்பும். நீண்ட நாட்களுக்குப் பந்து தொடக்கூடாது, அவ்வளவுதான்.

அவர் போனதும் ரிஸ்வானின் வாய் திறந்தது.

"டேய், நான் ஏன் மொகத்தத் திருப்பல்ல தெரியுமா? திருப்பினா இன்னொரு ரவுண்ட் நிக்கோணும். அந்த ஈரத்துக்குள்ள ஆரு நிக்கிற?"

"விசரா," என்றான் நிரோஷன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அதுக்காகக் கண்ணைக் குடுக்கிறதோ?"

"நீ ஒழுங்கா அடிச்சிருந்தா ஏன் குடுக்கிற?"

அவர்கள் இருவரும் குலுங்காமல் சிரிக்க முயன்றார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்த நாள் பயிற்சியில் அந்த விதியை எடுத்தேன். சுவர் இனித் தண்டனை அல்ல. விரும்பியவன் நிற்கலாம், பந்து முகத்துக்கு வந்தால் திரும்பலாம், கையால் மறைக்கலாம். நீங்கள் பொறுப்பேற்கும் அணிகளிலும் இப்படி ஏதாவது ஒரு வேடிக்கை விதி இருக்கும். முதல் கிழமையிலேயே தேடிக் கண்டுபிடியுங்கள்.

அரையிறுதியில் நிரோஷனை இறக்கினேன். பிரீ கிக் அவனுக்குத்தான் என்று சுரங்கவிடமும் சொன்னேன். அந்த விதியை எடுத்த நாள் பயிற்சியில் அவன் பந்து ஆட்களுக்கு மேலாக மூலைக்குள் இறங்கியிருந்தது. ஆனால் அவர்கள் எங்கள் பையன்கள். அவனை நம்பி நின்றவர்கள். அந்நியர்கள் நிற்கும் சுவருக்கு என்ன செய்வான் என்பதை ஆட்டத்தில்தான் பார்க்கமுடியும்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தபோது எங்களுக்கு ஒரு பிரீ கிக் கிடைத்தது. எதிரணி சுவர் கட்டியது. நிரோஷன் பந்தை வைத்தான், பின்னால் நடந்தான், ஓடிவந்து அடித்தான். பந்து தாழ்வாகப் போய்ச் சுவரில் நின்ற ஒருவனின் நெஞ்சில் மோதியது. அவன் விழுந்தான்.

நான் கோட்டுக்கு வெளியே துள்ளிவிட்டேன். சுரங்க திரும்பிப் பார்த்துக் கத்தினான்: "சேர், கோல் இல்ல! என்னத்துக்குத் துள்ளுறது?"

அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? பந்து தலைகளுக்கு மேலே ஓடித் தப்பவில்லை. நிரோஷன் அன்று தலைகளைப் பார்க்கவில்லை, மூலையைத்தான் பார்த்தான்.

ஆனால் என் துள்ளலும் உடனே நின்றது. விழுந்தவன் எழும்பவில்லை. நடுவர் விசில் ஊதுவதற்கு முன்பே நிரோஷன் அவனிடம் ஓடினான், பக்கத்தில் முழங்காலில் இருந்தான். மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பையன் நெஞ்சைத் தடவினான், இருமினான், நிரோஷனின் கையைப் பிடித்து எழும்பினான். எழும்பி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

"நியம ஷொட் எகக், மல்லி!"

நிரோஷனின் முகம் வெளித்தது. ஆட்டம் முடியக் கொஞ்சம் முன்னதாக இன்னொரு பிரீ கிக். அதே சுவர், அதே பையன், இந்த முறை சிரித்துக்கொண்டு நின்றான். பந்து அவன் தோளுக்கும் பக்கத்தவன் காதுக்கும் இடையால் ஏறி, வளைந்து, கம்பத்தின் உட்பக்கம் பட்டு வலைக்குள் விழுந்தது. அதற்கு மேல் அந்த அடியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவனுக்கு அது எப்போதும் தெரிந்திருந்த அடிதான்.

உடை மாற்றும் இடத்தில் எல்லோரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிரோஷன் ஒரு மூலைக்குப் போய் ராத்தாவின் தொலைபேசிக்கு எடுத்து, ரிஸ்வானிடம் கொடுக்கச் சொன்னான். சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டான். நான் பக்கத்தில் சப்பாத்துகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"டேய்," என்றது ரிஸ்வானின் குரல். "சுவர்ல ஆருக்கும் பட்டிச்சா?"

"ஒருத்தனுக்கு. நெஞ்சில."

"எழும்பினானா?"

"எழும்பினான். நல்ல ஷொட் எண்டு சொன்னவன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது.

"அப்ப சரி. ஸ்கோர் என்ன?"

"ரெண்டுக்கு ஒண்டு. நாங்கதான் ரெண்டு."

"அத மொதல்ல செல்லியிருக்கலாமேடா!"

"நீ கேக்கேல்லயே," என்றான் நிரோஷன்.